நூர் மாமாவின் பாதி மாத்திரை

பினாங்குப் பாலத்தைத் தூக்கிக்கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்து, நடுவில் ஒரு கோடும் போட்டுக் கொடுத்தால், நூர் முகம்மது மாமா அதைத் தூள் சிந்தாமல் சரிபாதியாக உடைத்து, ஒரு பாதியை பட்டர்வொர்த்துக்கும் மறு பாதியை ஜார்ஜ் டவுனுக்கும் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார். உலகத்தில் இவ்வளவு பெரிய உடைப்பாளர் வேறு யாரும் இல்லை. அணுவை உடைத்தவர்கள்கூட, அந்தக் கட்டரை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று இவரிடம் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

பாலம் இன்னும் வந்துசேராததால் இப்போதைக்கு என் அப்பப்பாவின் மாத்திரையை உடைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கைகளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு ரொட்டி சானாய் அகலம். ரொட்டி அடித்து அடித்து, மாவு எது விரல் எது என்று தெரியாத அளவுக்கு வந்துவிட்டவை. சூடான கல்லில் ரொட்டியைத் திருப்பித் திருப்பி விரல் நுனிகள் வெந்து மரத்துப்போயிருக்கின்றன. மாத்திரையைக் கையில் எடுத்தால் எடுத்தது அவருக்கே தெரியாது. அதனால் என் அம்மா புருவம் திருத்த வைத்திருந்த சின்ன இடுக்கியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதர் அந்த இடுக்கியைப் பிடித்துக்கொண்டு, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய கண்ணாடிக்குள் கண்ணைச் சுருக்கி, மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் யானை ஊசியில் நூல் கோப்பது போலிருக்கும்.

கட்டர் என்பது ஒரு தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் டப்பா. மூடியின் உள்ளே பிளேடு. மாத்திரையின் கோட்டைப் பிளேடுக்கு நேராக வைத்து மூடியை அமுக்க வேண்டும். ஒரே அமுக்கு. "டக்" என்று ஒரு சத்தம் வந்தால் வேலை ஆயிற்று. "நறநற" என்று வந்தால் மாத்திரை மாவாயிற்று.

"அமுக்குறப்போ யோசிக்கக் கூடாதும்மா. யோசன எல்லாம் முன்னாடியே முடிச்சிரணும்" என்பார்.

இரண்டு வகை மாத்திரைகள். வெள்ளையாக, வட்டமாக, நடுவில் கோடு போட்டிருப்பது அப்பப்பாவை அமைதிப்படுத்துவது. அதைத்தான் கிளினிக்கில் பாதியாக்கச் சொல்லியிருக்கிறார்கள். மஞ்சளாக வழவழவென்று இருப்பது ஞாபகத்துக்கு. அதில் கோடு கிடையாது, அதை உடைக்கவே கூடாது. நூர் மாமா மஞ்சளை இடுக்கியால்கூடத் தொடமாட்டார். பட்டையோடு நகர்த்தி வைத்து, "இவன் டத்தோ பட்டம் வாங்குனவன் மாதிரி. கிட்ட போகக் கூடாது" என்று மரியாதை செய்துவிட்டு வெள்ளைக்காரனிடம் திரும்புவார்.

அப்பப்பா என்றால் என் அப்பாவின் அப்பா, குலசேகரம். துறைமுக அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். டத்தோ கிராமாட் சாலையில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். இருக்கிறார் என்று நாங்கள் நினைக்கிறோம். அவர் பாதி நாள் துறைமுகத்தில் இருக்கிறார். என் அப்பாவுக்கு சிங்கப்பூரில் வேலை. அம்மா தினமும் காலையில் மாக் மண்டின் தொழிற்சாலைக்குப் போய் இருட்டும் நேரத்தில் திரும்புவாள். நான் ஐந்தாம் படிவப் படிப்பை முடிக்காமலே புத்தகத்தை மூடிவிட்டுக் காலையில் கொம்தார் கட்டடத்தில் ஒரு கைப்பேசி உறைக் கடையில் நிற்கிறேன். மதியம் வீட்டில்தான். அப்பப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றபோது நான் கை தூக்கினேன். அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். சர்க்கரை டின்னில் உப்பைப் போட்ட கை, லிஃப்டில் "பழுது" என்று எழுதி ஒட்டி மொத்த மாடியையும் படியேற வைத்த கை. மருந்தை இந்தக் கையில் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு, கெலுகோரிலிருந்து நூர் மாமாவை வரவழைத்தாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் நாசி கண்டார் சோற்றுக் கடையில் நின்றவர், முழங்கால் போய்விட்டதால் உட்கார்ந்து செய்யும் வேலை தேடிக்கொண்டிருந்தார். மோட்டாரில் வந்து இறங்கினார், துண்டைத் தோளில் போட்டார், அப்பப்பா அவருடையவர் ஆகிவிட்டார்.

அந்த உப்புக் கதையைச் சொல்ல வேண்டும். உப்புப் போட்ட தேநீரை அம்மா துப்பினாள், அப்பா துப்பினார். அப்பப்பா மட்டும் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல், இன்னொரு கோப்பை கேட்டார். எனக்கே சந்தேகம் வந்து நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். அப்போதுதான் சிரித்தார். இந்த ஊரில் என்னை ஜெயித்த ஒரே ஆள் அவர்தான். இப்போது அவருக்கு நான் "அந்தப் பிள்ளை". அந்தப் பிள்ளை வந்திருக்கு, அந்தப் பிள்ளை கதவைச் சாத்தேல்ல. நூர் மாமா மட்டும் "தம்பி". வந்து சேர்ந்தவர் தம்பி, கூடவே வளர்ந்தவள் அந்தப் பிள்ளை.

போன வருடம் அப்பப்பா இரண்டு முறை வீட்டைவிட்டுக் காணாமல் போனார். தடுத்தவர்களை அடித்தார். அப்போது முழு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். முழு மாத்திரையில் சண்டை நின்றது. அப்பப்பாவும் நின்றுவிட்டார். வாயில் சோறு இருக்கும்போதே தூங்கினார். பிறகுதான் பாதியாக்கிப் பார்க்கலாம் என்றார்கள். பாதியில் ஒழுங்காக இருந்தால் பாதியே தொடரும். மறுபடி அடித்தாலோ வெளியே கிளம்பினாலோ முழுசுக்குத் திரும்ப வேண்டியதுதான். அதை நூர் மாமா தம் பாணியில் சொல்வார்: "பாதி குடுத்தா பாஸு. முழுசு குடுத்தா மூட்ட."

அந்த "பாஸ்" என்ற முதலாளிப் பட்டத்தில்தான் அவருடைய தந்திரமே இருக்கிறது. அவர் மருந்து என்ற சொல்லைச் சொல்லமாட்டார். மருந்து என்றால் அப்பப்பா பல்லைக் கடித்துக்கொள்வார். நூர் மாமா மேசையைத் துடைப்பார். துடைத்த துண்டை இடது தோளில் எறிவார். பாதி மாத்திரையைத் தேக்கரண்டியில் வைத்து, மசித்த வாழைப்பழத்தை அதன்மேல் ஊற்றுவார். பிறகு அடுத்த மாடிக்குக் கேட்கிற குரலில், "பாஸுக்கு ஒரு ஸ்தெங்கா, கூவா பஞ்சிர்" என்று கூவுவார். கடையில் பாதிச் சோற்றை நிறையக் குழம்போடு கேட்பவருக்கு அப்படித்தான் குரல் கொடுப்பார்களாம். அந்தக் குரல் கேட்டதும் அப்பப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைச் சரிசெய்து, வாயைத் திறப்பார். அவர் அப்போது அலுவலக இடைவேளையில் கடைக்கு வந்திருக்கும் தலைமைக் குமாஸ்தா. சாப்பிட்டுவிட்டு, "நல்லாய் இருக்கு, தம்பி" என்பார். நான் வாயிலேயே நிற்பேன். எனக்கு அந்தக் கடையில் இடம் கிடையாது.

பாதி மாத்திரை வேலை செய்தது. அப்பப்பாவின் கண் திறந்தது. செய்தித்தாளைத் தலைகீழாகவாவது பிடித்தார். மாதக்கணக்காக நான் எதிர்பார்த்தது அதைத்தான். திறந்த கண்ணுக்கு நேராக யார் உட்கார்ந்திருந்தார் என்று கேட்காதீர்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. நூர் மாமாவின் செருப்பில் ஒன்றை ஒளித்துவைத்தேன். ஒற்றைச் செருப்போடு மோட்டார் ஓட்டிக்கொண்டு போனார். மைலோவில் மிளகாய்த் தூள் போட்டேன். குடித்துவிட்டு, கடையில் இதற்கு மேலேயே குடித்திருக்கிறேன் என்றார். கைலியின் நுனியை நாற்காலியில் முடிந்தேன். அப்பப்பாவைப் பார்த்துக் கதை சொல்லிக்கொண்டே, பின்கையால் முடிச்சை அவிழ்த்தார். ஒன்றையும் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரை வெறுப்பது எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் தவறே செய்யாதவர் என்று நினைக்க வேண்டாம். வந்த புதிதில் அவர் செய்த தவறு ஒரு கடைக்காரர் மட்டுமே செய்யக்கூடியது. மாத்திரை எவ்வளவு கவனமாக உடைத்தாலும் ஒரு துண்டு சற்றுப் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும்தான் வரும். நாசி கண்டார் கடையில் பெரிய துண்டு யாருக்குப் போகும்? பழகிய வாடிக்கையாளருக்கு. அந்தக் கை அப்படியே செய்தது. தினமும் புது மாத்திரை ஒன்றை உடைப்பார். பெரிய பாதி அப்பப்பாவுக்கு, சிந்திய தூளும் அதன் மேலே அன்பளிப்பாக. சிறிய பாதிகளைத் தூக்கி எறிந்துவிடுவார். அந்த வாரம் அப்பப்பா நடக்கும்போதே கண் சொருகி, குளியலறை வாசலில் விழுந்தார். அடி பெரிதில்லை. ஆனால் நூர் மாமா சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அதன் சத்தத்தில் அழுதார். எனக்குக் கேட்டது.

பிறகு மருந்தகத்துக்குப் போன் போட்டார். அங்கிருந்த பெண் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஒரு மாத்திரையை உடைத்தால் அதன் இரண்டு பாதியையும் அடுத்தடுத்த நாளில் கொடுங்கள், இன்று பெரிது போனால் நாளை சிறிது போகும், இரண்டு நாளில் கணக்கு நேராகிவிடும். அன்று முதல் மேசையில் ஒரு சின்ன மூடி டப்பா வந்தது. நாளைக்குரிய பாதி அதற்குள் போகும். அது தீராமல் புது மாத்திரையைத் தொடமாட்டார். ஒன்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் எதையும் கூடுதலாகக் கொடுத்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பிஸ்கட் தந்தால்கூட நடுக்கோடு பார்த்து உடைத்துத் தருவார். கை அவ்வளவு பயந்துபோயிருந்தது.

பள்ளியில் பின்னம் நடத்திய நாட்களில் நான் ஆசிரியரின் நாற்காலியில் சுவிங்கம் ஒட்டிக்கொண்டிருந்தேன். இரண்டில் ஒன்று என்றால் என்ன என்று இந்த மேசையில்தான் பார்த்தேன். அப்பப்பாவை இரண்டாக உடைத்தால் எனக்கு ஏன் ஒரு பாதியும் வரவில்லை என்பது மட்டும் விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் நூர் மாமா ஜும்மாத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போய்வருவார். மாத்திரை அவர் திரும்பிய பிறகுதான். அதுவரை நான் காவல். இரண்டு வாரத்துக்கு முந்தைய வெள்ளியன்று, அவருடைய துண்டு நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது. என் பையில் பெப்பர்மிண்ட் மிட்டாய் ஒரு சுருள் இருந்தது. வெள்ளை, வட்டம். நான் கட்டரை எடுத்தேன். முதல் மிட்டாய் மாவாயிற்று. இரண்டாவதும். மூன்றாவதில் யோசிக்காமல் அமுக்கினேன். டக்.

துண்டைத் தோளில் எறிந்தேன். தொண்டையைக் கனைத்து அவர் குரலை எடுத்தேன். அது ஒன்றுதான் எனக்கு வரும் வித்தை. "பாஸுக்கு ஒரு ஸ்தெங்கா, கூவா பஞ்சிர்."

அப்பப்பா நிமிர்ந்தார். பொத்தானைச் சரிசெய்தார். வாயைத் திறந்தார். பாதி மிட்டாயும் வாழைப்பழமும் இருந்த என் கரண்டி உள்ளே போயிற்று. மெதுவாகச் சப்பி, கண்ணை மூடி, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நல்லாய் இருக்கு, தம்பி" என்றார். வாயோரம் வழிந்ததைத் துண்டால் துடைத்துவிட்டேன். நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்தது யாருடைய பெயரில் என்பதை அன்றைக்கு நினைக்கவில்லை. மறுநாளிலிருந்து, நூர் மாமா உள்ளறையில் தொழப் போகும்போதெல்லாம் என் கடை திறந்தது.

போன சனிக்கிழமை அப்பப்பா உண்மையான பாதியைத் துப்பினார். வாழைப்பழத்தோடு சேர்ந்து அது அவருடைய சட்டையில் விழுந்தது.

"இது கசக்குது" என்றார். "மற்றப் பொடியன் எங்க? அவன் தாறது இனிக்கும்."

நூர் மாமா விழித்தார். "எந்தப் பொடியன், பாஸ்?"

அப்பப்பா வாசலைப் பார்த்தார். வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. ஆனால் ஒருவன் இல்லை, இரண்டு பேர் என்று தெரிந்திருக்கிறது. அந்த இரண்டாவது பொடியன் நான்தான். அன்று மதியம் முழுவதும் எனக்குத் தரையில் கால் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நூர் மாமாவுக்கு ஓய்வு, அம்மா கொடுத்தாள். அவளிடமும் துப்பினார். திங்களும் துப்பினார். திங்கள் மாலை, குடையை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்று கதவைத் திறந்தார். அப்போதுதான் வேலை முடிந்து வந்த அம்மா குறுக்கே நின்றாள். குடையின் பிடியால் அவளைத் தள்ளினார். அவள் முழங்கை நிலைப்படியில் இடித்து வீங்கியது. கையில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு, வியாழக்கிழமை கிளினிக்கில் சொல்லி முழு மாத்திரைக்கே திருப்பிவிடலாம் என்று அம்மா சொன்னாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நூர் மாமா நின்றார். "நாளைக்கு ஒரு நாளு பாக்குறேன்மா" என்றார். ஒற்றைச் செருப்போடு போன அன்றுகூட அவர் அவ்வளவு தளர்ந்து நடந்து போகவில்லை. என் வாயில் பெப்பர்மிண்ட் இருந்தது. அதைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் கடையிலிருந்து வந்தபோது அவர் மாத்திரைப் பட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். டப்பாவிலிருந்த பாதியை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். எப்போதும் இருக்கும் கசப்புதான் போலிருக்கிறது. பட்டையை வைத்துவிட்டுக் கட்டரைக் கழுவ எடுக்கப் போனவர் அப்படியே நின்றார். கண்ணாடியை மூக்கில் இறக்கினார்.

"கீர்த்தி, இங்க வாம்மா."

போனேன். இடுக்கியால் சுவரைக் காட்டினார். நாட்காட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு எறும்பு வரிசை இறங்கி, மைலோ டின்னைச் சுற்றி, மேசையைக் கடந்து, நேராகக் கட்டருக்குள் போய்க்கொண்டிருந்தது.

"எத்தன மாசமா இதே மேசையில ஒடைக்கிறேன்" என்றார். "மருந்துக்கு எறும்பு வராதும்மா."

பிளேடுக்குக் கீழே இருந்த தூளை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "பெப்பர்மிண்ட்."

கீழ் வீட்டுச் சின்னப் பையன் வந்திருந்தான், அவன்தான் விளையாடியிருப்பான் என்று நான் ஆரம்பித்தேன். அவர் என்னை நிறுத்தவில்லை, முடியட்டும் என்று காத்திருந்தார்.

"அன்னிக்கு வெள்ளிக்கிழம துண்டுல வாழப்பழம் ஒட்டியிருந்துச்சு. நாந்தான் பாஸு வாயத் தொடச்சிருப்பேன்னு நெனச்சேன். நான் பள்ளிவாசல்லதான இருந்தேன்."

அம்மாவிடம் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எறும்புகளை ஒவ்வொன்றாக ஊதிவிட்டுக் கட்டரைக் கழுவித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"சனிக்கெழமலேருந்து அவரு என்கிட்டயே கேக்குறாரு, மத்தப் பொடியன் எங்கன்னு. எனக்கு இங்க எரிஞ்சிச்சு லா, கீர்த்தி." அந்தப் பெரிய கை நெஞ்சைத் தொட்டது.

அந்த எரிச்சல் எந்த இடத்தில் எரியும் என்று எனக்குத் தெரியும். விலாவுக்குக் கொஞ்சம் மேலே.

கையை நீட்டினார். பையிலிருந்த மிட்டாய்ச் சுருளை அதில் வைத்தேன். தோளிலிருந்த துண்டை எடுத்து என் தோளில் போட்டார். நான் வலது பக்கம் இழுத்துக்கொண்டேன், அவர் அதை இடது பக்கத்துக்கு மாற்றினார். பிறகு டப்பாவில் காத்திருந்த பாதியைக் கரண்டியில் வைத்து, வாழைப்பழத்தை ஊற்றி, அப்பப்பாவின் முன்னால் போய் நின்றார்.

"பாஸ், இன்னிக்கிக் கடையில ரெண்டு ஆளு. மொதல்ல என்னுது, அப்புறம் அந்தப் பொடியன்து."

அப்பப்பா வாயைத் திறந்தார். கசப்பு நாக்கில் பட்டதும் முகம் சுருங்கியது. துப்பப்போனவர் என் தோளைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார். தொண்டை ஏறி இறங்கியது. மறுபடி வாயைத் திறந்து, கழுத்தை என் பக்கம் திருப்பிக் காத்திருந்தார்.

நூர் மாமா ஒரு மிட்டாயைக் கட்டரில் வைத்து மூடியை அமுக்கினார். டக். மிட்டாயில் கோடு கிடையாது. ஒரு துண்டு பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் விழுந்தது. இடுக்கியை எடுத்து, குனிந்து, இரண்டையும் வெகுநேரம் பார்த்தார். சிறியதை எடுத்து அப்பப்பாவுக்கென்று என் கரண்டியில் வைத்தார். நான் ஊட்டினேன்.

மீதித் துண்டுக்காக, நாளைக்குரிய டப்பாவைத் திறந்தார். ஒரு கணம் அப்படியே பிடித்திருந்துவிட்டு மறுபடி மூடினார். பெரிய துண்டை என் உள்ளங்கையில் வைத்தார்.